நீலக் கரடி பழுப்பானது பற்றி அப்பாவின் அபிப்பிராயம்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது,

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் உன் அம்மா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள், அதனால் அம்மாவின் முழங்கால் நீங்கலாக எல்லோரும் சௌக்கியம் என்று வைத்துக்கொள். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், கண்ணுக்குக் கீழே கருப்பாகத் தெரிவது போன் கேமராவின் கோளாறு என்று நீ சொன்னதையும் நம்பிவிட்டேன். சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று சொல்லியிருந்தேனே, பிளம்பர் வந்து சரி செய்துவிட்டுப் போனார், இப்போது அது சொட்டவில்லை, குளியலறைக் குழாய் சொட்டுகிறது. உன் அண்ணனை டைல்ஸ் ஷோரூமில் மேனேஜர் ஆக்கியிருக்கிறார்கள், வேலை அதேதான், கழுத்தில் டை மட்டும் கட்டிக்கொள்ள வேண்டுமாம். அண்ணி அதைக் கட்டிவிடக் கற்றுக்கொண்டுவிட்டாள், அவன் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. பல் செட் செய்கிற எங்கள் லேபில் வேலைக்குக் குறைவில்லை, மனிதர்களுக்குப் பல் விழுவது நிற்காதவரை எனக்குக் கவலையில்லை. கடிதம் எதற்கு, போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள், ஸ்பீக்கர் சத்தம் கேட்டால் அவள் தம்பி மாடியிலிருந்து இறங்கி வந்துவிடுகிறார், நீ அவருக்கு ரேடியோ மாமா என்று பெயர் வைத்தது சரிதான், ஆனால் ரேடியோவுக்கு நிறுத்துகிற பொத்தான் உண்டு. அதனால் இதைக் கையால் எழுதி, உன் அண்ணன் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவதாக ஏற்பாடு. என்னங்க எழுதறீங்க என்று உன் அம்மா இப்போதே கேட்டுவிட்டாள், உன் முழங்காலைப் பத்தித்தான் என்றேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ போன் செய்து, படம் பார்த்தீங்களா, எப்படி இருந்துச்சு, உண்மையைச் சொல்லுங்க என்று கேட்டாய். சின்ன வயதில் நீ தேயத் தேயப் பார்த்த, படகோட்டும் நீலக் கரடி கார்ட்டூனை, நிஜ ஆறு, நிஜப் படகு, நிஜம் மாதிரியே ஒரு கரடி என்று மறுபடி எடுத்திருக்கிறார்கள், அந்தக் கரடியின் வாயைக் கம்ப்யூட்டரில் அசைய வைத்தது எங்கள் பாப்பா. நாலு வருஷமாக நீ செய்த வேலை, அதற்கு நடுவில் வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு தடவை, அதுவும் பெட்டியை முழுதாகப் பிரிப்பதற்குள் கிளம்பிவிட்டாய். எப்படி இருந்தது என்று கேட்க உனக்கு முழு உரிமை உண்டு. நீ கேட்டு முடிப்பதற்குள் உன் அம்மா, சூப்பர்டி, கண்ணுலயே நிக்குது என்றாள். மாமா உலகத் தரம், உலகத் தரம் என்று இரண்டு தடவை சொன்னார், இந்த ஊர் எல்லையைத் தாண்டாத மனிதர். என் முறை வந்தபோது எனக்கு இருமல் வந்தது. அது இருமல் இல்லை என்று உனக்குப் புரியும் என்று நினைத்தேன், புரியவில்லை போலிருக்கிறது. நான் இருமி முடிப்பதற்குள், அப்பாடா, அப்ப அடுத்த படத்துக்கும் கையெழுத்துப் போட்டுடறேன்ப்பா, இன்னும் மூணு வருஷம்தானே, மாசக் கடைசிக்குள்ள சொல்லணும்னு இருக்காங்க என்று சொல்லி வைத்துவிட்டாய். அடுத்தது அந்தக் குடை விற்கிற ஒட்டகச்சிவிங்கிக் கார்ட்டூனாம், அதையும் நிஜமாக்கப் போகிறார்களாம், அண்ணன் சொன்னான். ஆக, இந்த வீட்டில் மூன்று பேர் ஒரு சினிமாவைப் பற்றிச் சொல்கிற அபிப்பிராயத்தில் உன்னுடைய மூன்று வருஷம் தொங்குகிறது. பத்திரிகையில் விமர்சனம் எழுதுகிறவர்களுக்குக் கூட இவ்வளவு அதிகாரம் கிடையாது. அம்மா சொன்னதை நீ பாதிதான் நம்பியிருப்பாய், மாமா சொன்னதை நம்பியிருக்கவே மாட்டாய், ஆனால் அப்பா மறுத்துப் பேசவில்லையே, அப்படியென்றால் நன்றாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டியிருப்பாய். பல் செட் ஈறில் சரியாக உட்காரவில்லை என்றால், டாக்டரே போதும் என்றாலும் நான் போதும் என்று சொன்னதில்லை என்பது உனக்குத் தெரியும். அதனால் படம் பார்த்த கதையை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

முதல் நாளே குடும்பத்தோடு போனோம். நான், அம்மா, அண்ணன், அண்ணி, அவர்கள் பெற்ற வாலு, வரிசைக் கடைசியில் ரேடியோ மாமா. நான் செய்த பிசகு என்னவென்றால், உள்ளே போவதற்கு முன்பே எல்லோரையும் நிறுத்தி, முழுக் கரடியையும் பார்த்துக் குழம்பாதீங்க, நம்ம பாப்பா செஞ்சது வாய் மட்டும்தான் என்று சொல்லிவைத்தது. எங்கள் தொழில் புத்தி அது, ஆள் எப்படி இருந்தால் என்ன, வாயைத்தான் பார்ப்போம். விளைவு, இரண்டரை மணி நேரம் நம் குடும்பமே ஒரு மிருகத்தின் வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. கரடி முதுகைக் காட்டினால் அண்ணி பாப்கார்ன் எடுத்துக்கொண்டாள், முகத்தைத் திருப்பினால் வைத்துவிட்டாள். கரடியே இல்லாத காட்சிகளில் அண்ணன் ஷோரூம் மெசேஜ்களுக்குப் பதில் போட்டான். மாமாவோ கரடி வாயைத் திறக்கும்போதெல்லாம் கைதட்டினார். படகு கவிழ்ந்து, கூட வந்த சின்னப் பெண் தண்ணீரில் காணாமல் போய், கரடி கரையில் நின்று வாய்விட்டு அழுகிறது, தியேட்டரே மூக்கை உறிஞ்சுகிறது, இவர் எழுந்து நின்று விசிலடிக்கிறார். முன் சீட்டுக்காரர் திரும்பி முறைத்தார். மாமா அசரவில்லை, எங்க பொண்ணு செஞ்ச வாய்ங்க அது என்றார். அப்படின்னா அது என்ன சொல்லுதுன்னு எங்களைக் கேட்க விடுங்க என்றார் அவர். நியாயமான பேச்சு, எனக்கே எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம் போலிருந்தது.

படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் விளக்கைப் போட்டுவிட்டார்கள். கூட்டம் எங்கள் காலை மிதித்துக்கொண்டு வெளியே போனது, நாங்கள் மட்டும் அசையவில்லை. துடைப்பத்தோடு வந்த அம்மாள், முடிஞ்சிடுச்சுங்க என்றார். இல்லம்மா, என் பொண்ணு பேரு வரணும் என்று உன் அம்மா சொன்னதும், அவரும் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு எங்களோடு நின்று பார்த்தார். வண்டி ஓட்டியவர்கள், சாப்பாடு போட்டவர்கள், கரடியின் முடியைச் செய்தவர்கள், அந்த முடியை நனைத்தவர்கள் என்று ஊர்வலமாகப் போய், கடைசியில் உன் பெயர் வந்தது, வந்த வேகத்தில் மேலே போய்விட்டது. உன் அம்மா அழுதாள். அந்த அம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், எதற்கென்று நான் கேட்கவில்லை. மாமா அவசரமாக எடுத்த போட்டோவில் உனக்கு நாலு வரி கீழே இருந்த யாரோ ஒருவர் பெயர்தான் விழுந்திருக்கிறது, அதையே சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பி, அவர்களும் உனக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியில் அண்ணி, ஆமா, கதை என்ன என்று கேட்டாள். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இருந்தாலும் அபிப்பிராயம் சொல்லக் கதை தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. பல் செட்டுகளைக் கொடுக்க கிளினிக்குக்குப் போனால் அங்கே இதே பேச்சுதான். டாக்டர் படத்தைப் பார்க்கவில்லை, ஆனால் கடுமையாக எதிர்க்கிறார். பழையதைத் தொடவே கூடாதுங்க, அது அதோட அழகு என்கிறார், சொல்லிக்கொண்டே ஒருவருடைய பழைய பல்லைக் குடைந்துகொண்டிருக்கிறார். நர்ஸுக்குப் படம் பிடித்திருக்கிறதாம், இரண்டு தடவை பார்த்தாளாம். நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்தவரிடம், நீங்க என்ன சொல்றீங்க என்று டாக்டர் கேட்டார், அவர் வாய் நிறையப் பஞ்சோடு ஏதோ சொன்னார், பாருங்க, அவரும் என் கட்சிதான் என்று முடித்துவிட்டார்.

என் கட்சி என்ன என்று கேட்டாயானால், முதலில் அந்த நிறத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கரடி எதற்குப் பழுப்பானது என்று முன்பே உன்னிடம் கேட்டபோது, உலகத்துல நீலக் கரடி கிடையாதுப்பா, ஜனங்க நம்ப மாட்டாங்க என்றாய். சரி. கரடி படகோட்டுவதை நம்புவார்கள், கூலி பேரம் பேசுவதை நம்புவார்கள், நடு ஆற்றில் எழுந்து நின்று பாடுவதையும் நம்புவார்கள், நீலம் என்றால்தான் சட்டென்று விழித்துக்கொள்வார்கள். கார்ட்டூனில் அந்தத் தவளை ஓயாமல் கரடியை வம்புக்கிழுக்கும், அதன் பேச்சைப் பேசித்தானே நீ அண்ணனோடு சண்டை போடுவாய். இதில் தவளை பேசவே இல்லை, கல்லில் உட்கார்ந்து தொண்டையை உப்பிக்கொண்டிருக்கிறது, ஏனென்றால் நிஜத் தவளை பேசாதாம். கரடி மட்டும் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்ததோ தெரியவில்லை. அப்புறம் அந்தப் பயம். கார்ட்டூனில் கரடிக்குத் தண்ணீர் என்றால் பயம், அவ்வளவுதான், படகோட்டிக்கே தண்ணீர் பயமா என்று நமக்குச் சிரிப்பு வரும், யாரும் காரணம் கேட்கவில்லை. இதில் காரணம் சொல்கிறார்கள். கரடியின் அப்பா, அந்த அப்பாவுக்கும் ஆற்றுக்கும் இருந்த பகை, சின்னக் கரடியின் மனக்காயம் என்று முக்கால் மணி நேரம் போகிறது. எனக்குக் கரப்பான் பூச்சி என்றால் பயம், முக்கால் மணி நேரம் கொடுத்தால் நானும் ஒரு காரணம் கண்டுபிடிப்பேன். பாட்டு வரும் இடத்தில் கார்ட்டூன் கரடி காதிலிருந்து காதுவரை வாயை இழுத்துச் சிரிக்கும், நிஜக் கரடிக்கு அப்படி முகம் கிடையாது என்பதால், இந்தக் கரடி அதே பாட்டை ரத்தப் பரிசோதனை முடிவை வாசிப்பது போல் பாடியது. கோபித்துக்கொள்ளாதே, வாய் உன்னுடையது, முகத்தைச் செய்தது வேறு ஆட்கள் என்று எனக்குத் தெரியும்.

எங்களிடம் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் பல் கட்டிக்கொள்ள வந்தார். கைப்பையிலிருந்து கல்லூரி நாளில் எடுத்த போட்டோவை எடுத்து நீட்டி, இதே பல் வேணும், நூல் அளவு கூட மாறக் கூடாது என்றார். நானும் விடவில்லை, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, முன் பல்லுக்கு நடுவில் இருந்த சின்ன இடைவெளி, ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்த கோரைப்பல், எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவந்துவிட்டேன், இதைவிட ஒரு படி மேலே எவனும் செய்ய முடியாது என்று எனக்கு ஒரே கர்வம். மாட்டிவிட்டுக் கண்ணாடியைக் கையில் கொடுத்தோம். ரொம்ப நேரம் பார்த்தார். ரொம்ப அழகா இருக்கு, ஆனா இது யாரு என்றார். பல்லுக்கு இருபது வயது, சுற்றியிருக்கிற முகத்துக்கு அறுபதுக்கு மேல், இரண்டும் ஒன்றோடொன்று பேச மாட்டேன் என்கின்றன. நான் எல்லாவற்றையும் திரும்ப எடுத்து, நிறத்தைக் கொஞ்சம் மங்க வைத்து, முனைகளைத் தேய்த்துக் கொடுத்த பிறகுதான் அவருக்குச் சிரிக்க வந்தது. படம் பார்த்தபோது எனக்கு அவர் ஞாபகம்தான். அவருக்காவது பல் விழுந்திருந்தது, கட்டினோம். நீலக் கரடிக்கு ஒரு பல்லும் ஆடவில்லையே, இன்றைக்குப் போட்டாலும் கல்லைக் கடிக்கும், அதைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் எதற்கு இன்னொன்று என்பதுதான் என் கேள்வி.

இதையெல்லாம் சாப்பாட்டு மேஜையில் நான் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது வாலு குறுக்கே வந்தாள். அவளுக்கு இந்தப் படம் என்றால் உயிர். பழைய கார்ட்டூனைப் போட்டுக் காட்டுடா, அப்ப தெரியும் அவளுக்கு என்று நான் வீறாப்பாகச் சொல்ல, உன் அண்ணனும் டிவியில் போட்டான். கொஞ்ச நேரம் பார்த்தாள். தாத்தா, இந்தக் கரடிக்கு என்ன ஆச்சு, ஏன் நீலமாயிடுச்சு, குளிருதா என்று கேட்டாள். தவளை பேசியதும், தவளையெல்லாம் பேசாது தாத்தா, சும்மா சொல்றாங்க என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். அவளுக்கு எது அசல், எது நகல் என்று நான் எப்படி விளக்குவது, அவள் முதலில் பார்த்தது எதுவோ அதுதான் அவளுக்கு அசல். நீ மட்டும் என்ன, அந்தக் கார்ட்டூனே ஒரு பழைய கதைப் புத்தகத்திலிருந்து எடுத்தது, புத்தகத்தில் கரடியே கிடையாது, ஒரு கிழட்டுப் படகோட்டிதான் என்று நான் சொன்னபோது என்னைக் கடிக்க வந்தவள்தானே. அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜையில் என் பேச்சு எடுபடவில்லை.

எனக்கும் ஒரு உறுத்தல் இருந்தது, வாயைப் பார்த்தேன், மாமாவைப் பார்த்தேன், படத்தை எங்கே பார்த்தேன் என்று. அதனால் மறுபடி ஒரு வேலை நாளில் அரை நாள் லீவு போட்டு, பகல் காட்சிக்கு உன் அம்மாவை மட்டும் கூட்டிக்கொண்டு போனேன். கைப்பிடியைப் பிடித்துப் படி ஏறும்போது முழங்காலைத் திட்டிக்கொண்டே வந்தாள். உள்ளே ஏழெட்டுப் பேர், அதில் ஒரு ஜோடி திரைப்பக்கமே திரும்பவில்லை. இந்தத் தடவை எனக்குக் கதை புரிந்தது, என் அபிப்பிராயம் மாறவில்லை. நிறம் அப்படியே இருந்தது, தவளை அப்படியே வாயை மூடிக்கொண்டிருந்தது. ஆனால் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், காணாமல் போன பெண் கிடைத்து, அவளை அக்கரையில் அவள் வீட்டாரிடம் விட்டுவிட்டுக் கரடி தனியாகத் திரும்பி வருகிறதே, அந்த இடம். படகில் உட்கார்ந்து ஒரு துண்டு ரொட்டியை எடுத்துத் தின்கிறது. பாட்டு இல்லை, பேச்சு இல்லை, கார்ட்டூனில் இந்தக் காட்சியே கிடையாது. முதல் தடவை மாமாவின் கைதட்டலில் இது எனக்குத் தெரியாமலே போய்விட்டது. ரொட்டியை வாயில் போட்டதும் கரடி அதை இடது பக்கம் தள்ளுகிறது. இடது பக்கமே மெல்லுகிறது. ஒரு துணுக்கு வலது பக்கம் போய்விட்டது போல, மெல்லுவதை நிறுத்தி, நாக்கால் அதைத் தேடி இந்தப் பக்கம் கொண்டுவந்து, கையால் கன்னத்தை ஒரு தரம் அமுக்கிவிட்டு, மறுபடி மெதுவாக மெல்லுகிறது. நான் எத்தனையோ வாய் பார்த்தவன் பாப்பா. வலது பக்கம் கீழ்க் கடைவாயில் இரண்டு பல் இல்லாத வாய் அப்படித்தான் மெல்லும். அப்படிப்பட்ட ஒரு வாய் தினமும் மூன்று வேளை எனக்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறது. பல் கட்டுகிறவர் வீட்டு அம்மாவுக்கே பல் இல்லை என்று லேபில் என்னைக் கேலி செய்வார்கள், நான் கூப்பிடும்போதெல்லாம், இந்தப் பக்கம்தான் இருக்கே, அப்புறம் பாத்துக்கலாம் என்று அவள் தட்டிக்கழிப்பாள். கன்னத்தை அமுக்குவதும் அவள் வழக்கம்தான். திரும்பிப் பார்த்தேன். உன் அம்மா பாப்கார்னை இடது பக்கம் ஒதுக்கிக்கொண்டு, கன்னத்தில் கை வைத்தபடி, மெல்லாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது. அவ்வளவு தூரத்தில் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, தனியாகச் சாப்பிடுகிற ஒரு கிழட்டுக் கரடி எப்படி மெல்லும் என்று யோசித்தபோது உனக்கு நம் சாப்பாட்டு மேஜை ஞாபகம் வந்திருக்கிறது.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது, ஊரே பாக்கற படத்துல என் வாயைப் போட்டிருக்காளே, ஒரு வார்த்தை கேட்டாளா என்று உன் அம்மா கோபப்பட்டாள். அந்தக் கோபம் எவ்வளவு நேரம் தாங்கியது என்றால், வீட்டு வாசலுக்கு வருவதற்குள் மருந்துக்கடைக்காரரிடமும், எதிர்வீட்டு நர்ஸரி டீச்சரிடமும், கரடி ரொட்டி தின்னுற சீன் வரும் பாருங்க, அது நான்தான் என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து அவள் பாத்திரம் தேய்க்கும்போது நான் பிடித்துக்கொண்டேன். அந்த ஒரு சீன் சரி, மத்தபடி படம் சுமார்தான்னு உனக்கும் தெரியும், எதுக்கு அவகிட்ட சூப்பர்னு சொன்னே, நீ சொன்னதை நம்பி இன்னும் மூணு வருஷம் அங்கயே இருந்துடப் போறா, அது தெரியுமா உனக்கு என்று கேட்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெரியும், அதுக்குத்தான் சொன்னேன் என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து சொன்னாள், நீங்க அவ கேட்ட கேள்வியைக் கேட்டீங்க, நான் அவ குரலைக் கேட்டேன், படம் எப்படி இருந்துச்சுன்னா கேட்டா அவ, நான் இங்கயே இருந்துக்கட்டுமான்னு கேட்டா, அவளுக்கு அந்த வேலை பிடிச்சிருக்குங்க, வரேன்னும் சொல்ல முடியலை, வரலைன்னும் சொல்ல முடியலை, அந்த முடிவைக் கொண்டுவந்து நம்ம கையில கொடுத்தா, நான் வாங்கிக்கிட்டேன் என்றாள். எனக்கு மட்டும் அவ வரணும்னு இல்லையா என்று சொல்லிவிட்டு எழுந்து போய், தேய்த்து வைத்த பாத்திரத்தையே மறுபடி எடுத்துத் தேய்த்தாள்.

அதைக் கேட்ட பிறகு என் அபிப்பிராயத்தையும் நான் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியதாயிற்று. மேலே நிறம், தவளை, பாட்டு என்று பக்கம் பக்கமாகக் குறை எழுதியிருக்கிறேனே, ஒன்றும் பொய்யில்லை, ஆனால் இவ்வளவு நீட்டி முழக்கியதற்குக் காரணம் தவளை இல்லை. அப்பா மோசம் என்று சொன்னால் நீ ஒட்டகச்சிவிங்கியை வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்துவிடுவாய் என்று எனக்குள் ஒரு நப்பாசை. உன் அம்மா நீ அங்கே இருப்பதற்காகப் படத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடினாள், நான் நீ இங்கே வருவதற்காக அதைத் தரையில் போட்டு மிதித்தேன். பாவம் அந்தக் கரடி, நாலு வருஷம் பாடுபட்டு அதைச் செய்து அனுப்பியிருக்கிறீர்கள், இந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவே இல்லை, நாங்கள் பேசியதெல்லாம் உன்னைப் பற்றித்தான். இனி நீ கேட்ட உண்மையைச் சொல்கிறேன், வாங்கிக்கொள். படம் சுமார். எடுத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை, ஆனால் வாலுவுக்காக எடுத்தது என்று யாராவது சொன்னால் என்னிடம் பதில் இல்லை. ரொட்டி தின்கிற காட்சி மட்டும், அவ்வளவு சரியான ஒரு வாயை நான் எந்தத் திரையிலும் பார்த்ததில்லை, இது தொழில்காரனாகச் சொல்வது, அப்பாவாக இல்லை. மற்றதெல்லாம் கார்ட்டூனைப் பார்த்துச் செய்தது, அதை மட்டும் நீயாகச் செய்திருக்கிறாய். ஒட்டகச்சிவிங்கியிலும் உனக்கு அப்படி ஒரு இடம் கொடுப்பார்களா என்று கேட்டுப் பார், கொடுப்பார்கள் என்றால் போடு கையெழுத்தை, எங்களுக்காக வேண்டாம் என்று சொல்லாதே. கொடுக்க மாட்டார்கள் என்றால் அம்மா சூப்பர் என்று சொன்னாளே என்பதற்காகப் போடாதே. வீட்டுக்கு வருவதானால் உனக்கு வர வேண்டும் என்று இருப்பதற்காக வா, படம் சரியில்லை என்று வராதே. எனக்கு நீ வர வேண்டும் என்று இருக்கிறது, அதை மறைத்து என்ன ஆகப் போகிறது, ஆனால் அது என் ஆசை, உன் வேலைக்கு அது மார்க் போடக் கூடாது.

உடம்பைப் பார்த்துக்கொள். கம்ப்யூட்டரையே முறைத்துக்கொண்டிருக்காமல் நடுநடுவே எழுந்து ஜன்னல் பக்கம் போ. அந்த டின்னில் வருகிற இனிப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு அப்படியே படுக்காதே, வாயைக் கொப்பளி, ஊர் வாயெல்லாம் பார்க்கிறவன் பெண்ணுக்குச் சொத்தைப் பல் என்று நான் கேட்க வேண்டாம். அண்ணனும் அண்ணியும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள், வாலு தன் முத்தத்தை உனக்கில்லை, கரடிக்குக் கொடுக்கச் சொன்னாள். நீ எங்கே இருந்தாலும் எந்தக் குறையும் இல்லாமல், கை நிறைய வேலையும் கண் நிறையத் தூக்கமுமாக நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். ஒன்றே ஒன்று மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள். இரண்டாவது தடவை படம் பார்த்து வந்ததிலிருந்து உன் அம்மாவுக்குத் திடீரென்று வெட்கம் வந்துவிட்டது, ஊரே பார்த்த பிறகு இப்படியே இருக்கறதா என்கிறாள். இத்தனை வருஷம் நான் கெஞ்சியதற்கு அசையாதவள், தானே டாக்டரிடம் போய் அளவு கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். அச்சு என் மேஜைமேல்தான் இருக்கிறது, நிறமும் பார்த்துவிட்டேன், இரண்டே பல், உட்கார்ந்தால் ஒரு நாள் வேலை. கட்டிவிட்டால் அவள் இரண்டு பக்கமும் மெல்லுவாள், கன்னத்தை அமுக்க மாட்டாள், அப்புறம் அந்த வாய் கரடியிடம் மட்டும்தான் இருக்கும். முன்பு அவள் நாளைக் கடத்தினாள், இப்போது நான் கடத்துகிறேன், பல்லுக்கு வடிவம் பிடிக்கிற மெழுகு ஸ்டாக் இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ கையெழுத்துப் போடு, போடாமல் இரு, அது உன் இஷ்டம், ஆனால் அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போ. அதுவரைக்கும் எங்கள் லேபில் மெழுகு வராது.

இப்படிக்கு,
நீ வருகிற தேதிக்காகக் காத்திருக்கும்
உன் அப்பா